யார் கொடுத்த குதிரை

பந்தயப் புத்தகத்தில் ஜாக்கியின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும் விழுக்காடு என்னைச் சில காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 11, பட்டியலின் அடியில் ஒரு பையனுக்கு 2. இந்தப் பருவத்தில் இத்தனை சவாரி, இத்தனை முதலிடம், வகுத்தால் இவ்வளவு. எண்ணியவர்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அந்த எண் யாருடையது என்று கேட்கத் தொடங்கிவிட்டால் மனம் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. ஜாக்கியின் கைத்திறனைச் சொல்கிறதா, அவருக்குக் கிடைத்த குதிரைகளைச் சொல்கிறதா, அவரை நம்பிக் குதிரை கொடுத்தவர்களைச் சொல்கிறதா? இந்த எண்ணைப் பார்த்துப் பணம் கட்டும் இடங்களில் ஒன்று, ஈப்போவில் ராஜா டிஹிலிர் சாலையில் இருக்கும் பேராக் டர்ஃப் கிளப். 1886இல் உண்டான கிளப். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். உள்ளூரில் குதிரை ஓடாத நாளிலும் திரையில் சுங்கை பெசி ஓடும், ஹாங்காங் ஓடும், ஆஸ்திரேலியா ஓடும். புந்தோங், சிலிபின், செம்மோர்ப் பக்கமிருந்து வரும் நம் ஆட்கள் சிலர் கையில் மடித்த புத்தகமும் மூடியில்லாத பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தங்களைப் பற்றி ஒரு மதிப்பு உண்டு. நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவரோடு தங்களைச் சேர்க்கக் கூடாது என்பார்கள். கனவில் பாம்பு வந்தால் அதற்கொரு எண், சாலையில் கார் கவிழ்ந்தால் அந்தக் காரின் எண் என்று அலைகிறவர் வேறு. ஜாக்கி கணக்கு, எடைக் கணக்கு, தரைக் கணக்கு பார்த்துக் கட்டுகிறவர் வேறு. இந்தப் பிரிப்பு வெறும் வீம்பு என்று நான் நினைக்கவில்லை. அதில் உழைப்பு இருக்கிறது, நினைவாற்றல் இருக்கிறது, பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றுபோன ஒருவருக்குத் தன் அறிவைத் தானே பரிசோதித்துப் பார்க்கும் இடம் இருக்கிறது. என் சங்கடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாலு நம்பரில் தோற்றவர் அதிர்ஷ்டத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். கணக்குப் பார்த்துத் தோற்றவரால் அப்படிப் போக முடிவதில்லை. கணக்கில் எதையோ விட்டுவிட்டோம் என்று நினைக்கிறார். அடுத்த பந்தயத்துக்கு அதைச் சேர்த்துக்கொள்கிறார். “தெரிஞ்சுதான் கட்டினேன்” என்ற சொல்லை எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யச் சொல்லி, கையில் கொடுத்த சின்னத் தொகையை வைத்துக்கொண்டு அதைச் சொன்னவர்களும் உண்டு.

இந்த மதிப்புக்கு நீதிமன்றத்தின் ஆதரவுகூட இருக்கிறது. தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். கிண்டியில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்காடிக்கொண்டே இருந்தது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதாட்டமன்று, பெருமளவு திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரைக்குத் தரப்படும் பயிற்சி, அதை ஓட்டுகிறவரின் திறன் ஆகியவற்றின்மீது அந்தத் தீர்ப்பு நிற்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஓடுகிற குதிரைக்குத் திறமை உண்டு, அதன் முதுகில் இருப்பவருக்கும் உண்டு. கேள்வி வேறு. அந்தத் திறமை பந்தயம் கட்டுகிறவரின் கைக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது? இடையில் நிற்பது அச்சிட்ட எண் மட்டும்தான். ஜாக்கியின் திறமை முழுவதும் அந்த எண்ணுக்குள் வந்துவிட்டதா, எண்ணாக மாறும்போது வேறு யாருடைய விஷயமும் அதற்குள் கலந்துவிட்டதா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு இந்தக் கலப்பைக் காட்டிக் கொடுத்தவர் புந்தோங்கில் இருக்கும் ஒரு பெரியவர். செம்மோர்ப் பக்கத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டில் ஜாக்கி கணக்கு எழுதி வைத்திருப்பார். புத்தகத்தில் அச்சாகும் விழுக்காட்டை அவர் சீந்துவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “ஜாக்கி என்ன தம்பி ஜாக்கி. நல்ல நிரை கெடச்சா யாரு வெட்டினாலும் பாலு வரும். அந்த நிரைய யாரு குடுத்தான்னு பாக்கணும்.” பேராக்கில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. 1877இல் கோலா கங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுக்குப் பின்னால் இந்த மாநிலத்தில் காடு முழுக்கக் கித்தா மரமாயிற்று. அந்த மரங்களுக்கு நடுவில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நிறுக்கப்பட்டார்கள். விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். இளமரம் நிற்கும் நிரை உண்டு, பட்டை தேய்ந்து முடிச்சு விழுந்த கிழட்டு மரத்து நிரை உண்டு. சமதரை உண்டு, குன்றின் சரிவு உண்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்நூறு மரம் வரை வெட்ட வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம், கொஞ்சம் மேலோடு போனால் பால் இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெல்லாம் வழியும். வெயில் ஏறியதும் மங்கு மங்காகச் சேர்த்து, காண்டாவில் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால் அங்கே தராசு. கிராணி பாலுக்குள் மெட்ரோலாக்கை மிதக்க விடுவார். அந்தக் கண்ணாடிக் குழல் பாலில் எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் குனிந்து பார்த்து, உலர்ந்தால் எத்தனை ரப்பர் தேறும் என்று கணக்கிட்டு, பேருக்கு நேராக ஓர் எண்ணை எழுதுவார். புளித்த பாலும் அமோனியாவும் கலந்த வாடையில் நின்றுகொண்டு ஆளுக்கு ஆள் அந்த எண்ணை எட்டிப் பார்ப்பார்கள். சம்பளம் அதில் இருந்தது, மரியாதையும் அதில்தான் இருந்தது. அதிகம் கொண்டுவந்தவர் கெட்டிக்காரர், குறைவாகக் கொண்டுவந்தவர் சோம்பேறி. அன்று அவர் பெயருக்கு விழுந்தது எந்த நிரை, கங்காணிக்கும் அவருக்கும் என்ன உறவு, போன வாரம் எதற்காகச் சண்டை போட்டார் என்பதற்கெல்லாம் கிராணியின் ஏட்டில் கட்டம் கிடையாது.

ஜாக்கியின் விழுக்காட்டில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான் என்பது பெரியவரின் கட்சி. குதிரையைத் தேர்ந்தெடுப்பவர் ஜாக்கி என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் டிரெய்னரும் குதிரைக்காரரும்தான் ஜாக்கியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போன பருவத்தில் நிறைய வென்றவருக்கு இந்தப் பருவம் நல்ல குதிரைகள் வரும். ஒரே பந்தயத்துக்கு மூன்று பேர் அழைத்தால் அவர் இருப்பதில் நல்லதை எடுத்துக்கொள்வார். அவர் விட்டது அடுத்தவருக்கு. அடுத்தவர் விட்டது கடைசி வரிசைப் பையனுக்கு. இப்படி எண் குதிரையைக் கொண்டுவருகிறது, குதிரை எண்ணை இன்னும் ஏற்றுகிறது. இதைச் சொல்லும்போது திறமையே இல்லை என்று சாதித்துவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு உண்டு. 2013 செப்டம்பர் 6ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் பிரேசில்காரர் ஜோவாவ் மொரேரா எட்டுப் பந்தயங்களில் ஏறி எட்டிலும் வென்றார். நல்ல குதிரைகள் அவருக்குக் கிடைத்தன என்பது மட்டும் அதற்குக் காரணமாக முடியாது. நல்ல குதிரைகள் கிடைத்த வேறு யாரும் அங்கே அதைச் செய்யவில்லை. பிற்பாடு ஹாங்காங் போய் 2016–17 பருவத்தில் 170 வெற்றி எடுத்தார். தோட்டத்திலும் அப்படிப்பட்ட கைகள் இருந்தன. பெரியவரே சொல்வார், தன் மனைவி காய்ச்சலில் படுத்த வாரம் அவள் நிரையைத் தான் வெட்டியதாகவும், அதே மரம், அதே மழையில்லாத வாரம், தராசில் பால் குறைந்துபோனதாகவும். அந்தம்மா பட்டையை ஒரு தாள் கனத்துக்குச் சீவுவார், காயமே விழாது என்பார். ஆள் மாறி மரம் மாறாதபோதுதான் கை தெரிந்தது. அந்த வாரம் இல்லாவிட்டால் அவர்கள் இருவரில் யார் கை நல்ல கை என்பதை ஏட்டைப் பார்த்து ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது.

அவர் நோட்டின் முறை இதிலிருந்து வந்தது. ஜாக்கிவாரியாக எழுதாமல் குதிரைவாரியாக எழுதுகிறார். ஒரே குதிரை இந்த ஜாக்கியிடம் எப்படி ஓடிற்று, மற்றவரிடம் எப்படி ஓடிற்று. சந்தை ஐந்தாவதாக வரும் என்று எதிர்பார்த்த குதிரையை இரண்டாவதாகக் கொண்டுவந்தவர் யார், முதலாவதாக வரவேண்டியதை மூன்றாவதில் விட்டவர் யார். கேட்பதற்கு இது நியாயமான அளவுகோல். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் இதுவும் கையில் நிற்பதில்லை. வென்ற குதிரைக்கு அடுத்த முறை எடை ஏற்றுகிறார்கள். எதிரிகள் மாறுகிறார்கள். ஈப்போவில் பிற்பகல் மழை பெய்தால் புல் தரை அரை மணியில் வேறு தரையாகிவிடுகிறது. அதே குதிரை என்று நாம் சொல்வது போன மாதத்துக் குதிரையா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதைப் பந்தயம் கட்டுகிறவர்கள் கவனிப்பது குறைவு. நூற்றுக்குப் பத்து வெல்லும் ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். திறமை சிறிதும் மாறாமல், குதிரைகளின் தரமும் மாறாமல் அவர் நூறு சவாரி செய்தால், தற்செயல் ஒன்றினாலேயே வெற்றி 4 ஆகவும் வரலாம், 16 ஆகவும் வரலாம். இரண்டிலும் வியப்பதற்கு எதுவும் இல்லை. இருபது சவாரி தொடர்ந்து தோற்பதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த இருபதாவது தோல்விக்குப் பிறகு அவரைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கை போய்விட்டது, குடிக்கிறான், பணம் வாங்கிவிட்டான். எட்டுப் பேரில் ஒருவருக்கு வெறும் எண்கணிதத்தால் வந்து தீரும் ஒன்றுக்காக ஒரு மனிதரின் நேர்மையைச் சந்தேகிக்கிறோம். கணக்கைக் கூர்மையாக்குகிறேன் என்று இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஈரத் தரையில், 1200 மீட்டரில், இந்த டிரெய்னரின் குதிரையில், உள்பக்கக் கேட்டிலிருந்து என்று வெட்டிக்கொண்டே போனால் நூறு சவாரி ஏழாகிவிடும். ஏழில் மூன்று வென்றால் 43 விழுக்காடு என்று எழுதுகிறோம். எழுதியதும் அது தெரிந்த விஷயமாகிவிடுகிறது.

எண் உண்மையாகவே திறமையைச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அதில் பணம் இருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. டோட் முறையில் விலை வைப்பவர் என்று தனியாக ஒருவர் இல்லை. பாரிஸில் 1860களில் ஜோசப் ஓலர் கொண்டுவந்த ஏற்பாடு இது: எல்லார் பணமும் ஒரே குவியல், நடத்துகிறவருக்கும் அரசுக்கும் உரியதை முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தை வென்ற டிக்கெட்டுகளுக்குப் பிரிப்பது. பிடித்தம் உலகெங்கும் பொதுவாக நூற்றுக்கு 15 முதல் 25 வரை போகிறது. ஆகவே நான் மோதுவது குதிரையோடு அன்று, பக்கத்து நாற்காலியில் அதே புத்தகத்தை மடித்து வைத்திருப்பவரோடு. நூறு சவாரியில் இருபது வெல்லும் ஜாக்கிமீது நூறு முறை ஒரு வெள்ளி கட்டுகிறோம், வெல்லும்போதெல்லாம் சராசரியாக நான்கு வெள்ளி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு போட்டு எண்பது எடுத்திருக்கிறோம். ஆறே ஆறு வெல்பவர்மீது கட்டி ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வந்தால் தொண்ணூறு. இரண்டிலும் நஷ்டம், ஆனால் நல்ல ஜாக்கியிடம் நஷ்டம் அதிகம். எல்லாருக்கும் தெரிந்த திறமைக்கு எல்லாரும் சேர்ந்து விலையை ஏற்றிவிடுகிறார்கள். பந்தயக்காரருக்குத் தேவைப்படுவது யார் நல்ல ஜாக்கி என்ற அறிவு அன்று, யாரைப் பற்றி மற்றவர்கள் தவறாக நினைத்திருக்கிறார்கள் என்ற அறிவு. அச்சிட்ட எண்ணிலிருந்து அது கிடைப்பது அரிது, அச்சிட்டது எல்லார் கையிலும் இருப்பதால்.

கணக்கு ஜெயித்த கதையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1980களின் நடுவில் பில் பென்ட்டரும் ஆலன் வுட்ஸும் ஹாங்காங்குக்கு வந்து கணினி வைத்துப் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். பென்ட்டர் 1994இல் தம் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அந்த முறையில் ஜாக்கி பல காரணிகளில் ஒன்று. குதிரையின் முந்தைய ஓட்டங்கள், எடை, தூரம், கேட் என்று நீளும் பட்டியலில் ஓரிடம், அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அத்தனை தரவையும் ஊட்டிய பிறகும் தம் கணினி சொல்வதை மட்டும் நம்பிக் கட்டினால் போதாது என்று அவர் கண்டார். மைதானத்தில் மக்கள் வைத்த விலையையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் அது வேலை செய்தது. கூட்டத்துக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அவருடைய பட்டியலில் இல்லை. அணிவகுப்பு வளையத்தில் குதிரையின் கழுத்தில் அரும்பும் வியர்வை, காது திரும்பும் விதம், லாயத்தில் வேலை செய்கிறவர் தன் மச்சானிடம் சொன்ன ஒரு வார்த்தை. எண்ணாகாதவை எல்லாம் சில்லறை சில்லறையாக அந்த விலைக்குள் வந்து சேர்ந்திருந்தன. பென்ட்டரிடம் பெரிய தரவுத்தளமும், பணக்குவியல் பெருத்த ஹாங்காங்கும், தோற்றுக்கொண்டே காத்திருக்கத் தேவையான பணமும் இருந்தன. அவர் கதையைக் கேட்டுவிட்டுச் சம்பளக் கவரோடு வருகிறவரிடம் இவற்றில் எதுவும் இல்லை. இருப்பது அந்தச் சில்லறை மட்டும்தான். அதையும் புத்தகத்து எண்ணுக்காக அவர் விட்டுக்கொடுத்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது எண்களின் தரையே நழுவிக்கொண்டிருக்கிறது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயத்தை ஓட்டிவிட்டு மூடிக்கொண்டது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பின் ஓட்டம் 2025 மே மாதத்தோடு முடிந்தது. நான்கு கிளப்புகள் சுற்றிச் சுற்றி ஓட்டிய வட்டத்தில் மிஞ்சியவை ஈப்போவும் சுங்கை பெசியும். கிராஞ்சியில் நூற்றுக்கணக்கான சவாரிகளில் சேர்ந்த விழுக்காடு, அந்த வளைவுகளும் அந்த லாயங்களும் இல்லாமல் போனபின் எதைக் குறிக்கும்? தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமானபோது கிராணியின் செக்ரோல் ஏடுகளுக்கு நேர்ந்ததும் இதுவே. முப்பது வருஷம் ஒருவர் கொண்டுவந்த பாலின் எடை அதில் நாள் தவறாமல் இருந்தது. அதைக் காட்டி அவரால் எந்தத் தொழிற்சாலை வாசலிலும் ஒரு வேலை கேட்க முடியவில்லை. ஜாக்கியும் நிறுக்கப்படுகிறார் என்பதை அந்த நினைவோடுதான் என்னால் பார்க்க முடிகிறது. பந்தயத்துக்கு முன்பு சேணத்தைக் கையில் அணைத்துக்கொண்டு தராசில் ஏறுகிறார், முடிந்து இறங்கியதும் மறுபடி ஏறுகிறார். எடை குறைந்திருந்தால் வென்றது போய்விடும். அந்த எடைக்குள் நிற்பதற்காகச் சாப்பாட்டைக் குறைத்து, வெந்நீரிலும் நீராவியிலும் உட்கார்ந்து உடம்பை வற்றவைத்தவர். கன்னம் ஒட்டிய அந்த முகம் திரையில் இரண்டு விநாடி வந்து போகும்போது எங்கள் கண் கீழே ஓடும் எண்ணில்தான் இருக்கிறது. நிறுக்கப்பட்டு வளர்ந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு இன்னொருவரின் எடைமீதும் எண்ணிக்கைமீதும் பணம் வைப்பது சாதாரணக் காரியமாகத் தோன்றவில்லை. தவறு என்று சொல்ல வரவில்லை. சாதாரணமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பட்டியலின் அடியில் இருக்கும் பையனிடம் வருகிறேன். பயிலும் ஜாக்கிக்கு எடையில் சில கிலோ சலுகை உண்டு. வெற்றிகள் சேரச் சேர அது குறையும். முதல் சவாரிக்கு அவன் பெயருக்கு நேராக எதுவும் இருக்காது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அவனை அழைத்துக் குதிரையைக் கொடுத்தாக வேண்டும். சலுகை எடைக்காகக் கொடுக்கலாம். வழக்கமான ஜாக்கிக்கு அடிபட்டதால் கொடுக்கலாம். அல்லது, வெளிச்சம் வருமுன் நடக்கும் பயிற்சியில், யார் கையிலும் வாயைத் திறந்து இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு குதிரை இவன் கையில் மட்டும் அடங்கிப் போவதைத் தடுப்புக் கம்பியோரம் நின்று பார்த்திருக்கலாம். எந்தக் காரணம் என்பது புத்தகத்தில் வராது. பெரியவர் அப்படிப்பட்ட பந்தயத்தில் பணம் வைப்பதில்லை, ஆனால் நோட்டைத் திறக்கிறார். பையனின் பெயரை எழுதுமுன் குதிரை கொடுத்தவரின் பெயரை எழுதுகிறார். அடுத்த மாதமும் அதே ஆள் அதே பையனைக் கூப்பிடுகிறாரா, அதைவிட நல்ல குதிரைக்குக் கூப்பிடுகிறாரா என்பதற்கு இரண்டு கோடு விட்டுவைக்கிறார். முதல் சவாரியில் பையன் எத்தனையாவதாக வந்தான் என்பதைப் பல நேரம் அவர் எழுதுவதே இல்லை.